விடை பத்தியிலேயே இருக்கிறது

எழுத்தறிவுத் தேர்வில் மொத்தம் 150 மதிப்பெண். அதில் படித்தலுக்கு 50. ஒரு சிறு பத்தி கொடுத்துக் கேள்வி கேட்பார்கள். பத்தி மருந்தைப் பற்றியும் இருக்கலாம். பயப்பட வேண்டாம். இதைப் படியுங்கள்:

"வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். நல்லது. ஒரு பாக்கெட் முழுவதையும் 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் கரைக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் குடிக்க வேண்டும்."

கேள்வி: எவ்வளவு தண்ணீர் வேண்டும்?

சிலர் 'ஒரு டம்ளர்' என்று எழுதுவார்கள். வீட்டுப் பழக்கம் அப்படி! பத்தியில் 'தண்ணீர்' என்ற சொல்லைத் தேடுங்கள். அதன் பக்கத்திலேயே விடை இருக்கிறது: 1 லிட்டர்.

தேர்வில் தவறினால் மதிப்பெண்தான் போகும். வீட்டில் தண்ணீர் குறைந்தால் கரைசலில் உப்பு மிகுந்துவிடும். குழந்தைக்கு அது ஆபத்து. கடையில் 200 மில்லி தண்ணீருக்கான சிறிய பாக்கெட்டும் உண்டு. எதற்கு எவ்வளவு என்பது பாக்கெட்டின் மேலேயே அச்சிட்டிருக்கும்.