சொல்லும் சூழலும்

"ஃபிளஷ்" என்னும் ஆங்கிலச் சொல்லை முகஞ் சிவத்தல் என்று மனனஞ் செய்த மாணவன், தேயிலை பற்றிய கட்டுரையொன்றிற் கொழுந்து, பறித்தல், மழை ஆகிய சொற்களுக்கிடையே அதனைக் காணின், புதுத்தளிர் என உய்த்துணரலாம். "டீமேக்கர்" தேநீர் ஊற்றுபவரல்லர் என்பதைத் தோட்டத்துப் பிள்ளைக்கு யாருங் கற்பிக்க வேண்டியதில்லை!

"டிசென்ற்" அத்துணை எளிதன்று. அட்டன் மலைப்பாதையில் வளர்ந்தவனுக்கு அஃது இறக்கமே. ஆயின், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தில் அதனைச் சூழ்ந்து நிற்பன தந்தை, தந்தைவழிப் பாட்டன், பூட்டன், பிறந்த இடம் என்பன. ஆதலின் அங்கு அதன் பொருள் வமிசவழி. தந்தையோ, அன்றேற் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையிற் பிறந்தமைக்குச் சான்று காட்ட இயலாத தோட்டத் தொழிலாளர் இலட்சக்கணக்கானோர் அச்சொல்லின் புறத்தே நின்றனர். எஞ்சியோர்க்கு வழி திறந்தது 2003ஆம் ஆண்டுச் சட்டமே.