பிரசவத்துக்குப் பிந்தைய 42 நாட்கள்

தமிழ்நாட்டில் இன்று ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. 2019-21-இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு அந்த அளவை 99.6 சதவீதம் என்கிறது. பேறுகால இறப்பும் வெகுவாகக் குறைந்திருக்கிறது. 2001-03 காலத்தில், உயிருடன் பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 134 தாய்மார்கள் இறந்தார்கள். 2018-20-இல் அது 54 ஆனது. அப்போது நாடு முழுவதற்குமான எண்ணிக்கை 97. கட்டடங்களும் டாக்டர்களும் மட்டும் இதைச் சாதித்துவிடவில்லை. கர்ப்பம் உறுதியான நாளிலிருந்து அந்தப் பெண்ணின் பெயரைத் தெரிந்து வைத்துக்கொண்டு, வீட்டு வாசலுக்கே வந்து விசாரிக்கிற ஆட்கள் ஊருக்குள் இருந்தார்கள். ஆனால் இந்தக் கவனிப்பு பிரசவம் வரை இறுக்கமாக இருந்து, குழந்தை பிறந்த பிறகு தளர்ந்துவிடுகிறது. தாயும் பச்சிளங்குழந்தையும் அதிக ஆபத்தில் இருப்பதும் அந்த நாட்களில்தான்.

சமவெளியில் சுமார் 5,000 பேருக்கும் மலைப் பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. அங்கே வேலை பார்க்கும் கிராம சுகாதார செவிலியரைத்தான் ஊரில் 'நர்சம்மா' என்கிறார்கள். பெண்ணுக்கு நாள் தள்ளிப்போன சேதி பல வீடுகளில் மாமியாருக்கு அடுத்தபடி இவர் காதுக்குத்தான் போகும். 12 வாரத்துக்குள் கர்ப்பத்தைப் பதிவு செய்வது இவர் பொறுப்பு. பதிந்தவுடன் 12 இலக்க எண் ஒன்று கிடைக்கும்; மக்கள் அதை 'பிக்மி நம்பர்' என்பார்கள். பிறப்புச் சான்றிதழ் வாங்க இந்த எண் கட்டாயம் என்று 2017-இல் அரசு விதித்தது. அதன்பின், முதல் நாளிலிருந்தே தனியார் மருத்துவமனைக்குப் போகிற குடும்பங்களும் பதிவேட்டுக்குள் வந்தன. ரத்த அழுத்தம் உள்ளவர், முதல் குழந்தையை அறுவை சிகிச்சையில் பெற்றவர், வயது மிகக் குறைந்தவர், இதயக் கோளாறு உள்ளவர் என்று கூடுதல் கவனம் தேவைப்படுகிறவர்களைப் பிரித்தெடுக்க முடிவது இந்தப் பதிவால்தான்.

அடுத்த துணை அங்கன்வாடி. மாநிலத்தில் இருக்கும் 54,439 அங்கன்வாடி மையங்களில் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் சத்துமாவு தருகிறார்கள், எடை பார்க்கிறார்கள், அரசுச் செலவில் சமுதாய வளைகாப்பு நடத்துகிறார்கள். வளையலும் கலவை சாதமும் கொடுத்து அனுப்பும் சடங்கு என்று இதைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. சொந்த வீட்டில் வளைகாப்பு நடத்த வசதியில்லாத பெண்ணும், சாதி மாறித் திருமணம் செய்து உறவுகள் ஒதுக்கிய பெண்ணும் மாலையோடு மற்றவர்களுக்குச் சமமாக உட்காருகிற இடம் அது. எப்போது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், என்ன சாப்பிட வேண்டும் என்ற பேச்சு அங்கே எளிதாக நடக்கும்.

இந்த ஊர்மட்ட வேலைக்குப் பழைய அனுபவம் ஒன்று உண்டு. உலக வங்கி உதவியோடு 1980-இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், அந்தந்த ஊர்ப் பெண்களையே பணியாளர்களாக நியமித்தார்கள். மாதாமாதம் குழந்தைகளை எடைபோட்டு, எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் சத்துணவு கொடுத்து, தேறியதும் நிறுத்தினார்கள். எடைக் கோடு ஏறுவதையும் இறங்குவதையும் அட்டையில் தாய்க்கே காட்டினார்கள். அங்கன்வாடிகளில் இன்றும் நடக்கும் மாதாந்திர எடைபோடுதலுக்கு அந்த அனுபவம் வலுவான அடித்தளம்.

பண உதவியில் முதன்மையானது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம். 1987-இல் 300 ரூபாயாகத் தொடங்கி, 2006-இல் 6,000, 2011-இல் 12,000, 2018-இல் 18,000 என்று உயர்ந்தது. இதில் 14,000 ரூபாய் ரொக்கம்; மீதி 4,000 ரூபாய்க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். சத்துமாவு, இரும்புச்சத்து டானிக், பேரீச்சம்பழம், ஆவின் நெய் முதலியவை பெட்டகத்தில் இருக்கும். முதல் இரண்டு பிரசவங்களுக்கு இந்த உதவி உண்டு. ஒரு பகுதி கர்ப்ப காலத்திலும், மற்றது குழந்தைக்குத் தடுப்பூசி போட்டு வருவதைப் பொறுத்துப் பிரசவத்துக்குப் பின்னும் வரும். களையெடுக்கவும் செங்கல் சுமக்கவும் போகிற பெண் கூலி போய்விடுமே என்று பிரசவமான சில வாரங்களிலேயே வேலைக்கு ஓடக்கூடாது என்பதே இந்தத் திட்டத்தின் நோக்கம். அமைப்புசார்ந்த வேலையில் இருப்பவர்களுக்கு 2017 முதல் சட்டப்படி 26 வாரச் சம்பள விடுப்பு இருக்கிறது. கூலிப் பெண்ணுக்கு இருப்பது இந்த உதவிதான். ஆகவே தவணைப் பணம் தாமதமாக வருவதைச் சாதாரணக் குறையாக ஒதுக்க முடியாது. குழந்தை தவழத் தொடங்கிய பிறகு வரும் பணம் யாரையும் வீட்டில் ஓய்வெடுக்க வைக்காது.

தமிழ்நாட்டின் சாதனைக்குப் பின்னால் அதிகம் பேசப்படாத இன்னொரு வேலை, ஒவ்வொரு தாயின் மரணத்தையும் விசாரிப்பது. 1994 முதல் இது நடக்கிறது. எந்த ஊரில், எத்தனை மணிக்கு வலி வந்தது, வண்டி எப்போது கிடைத்தது, எந்த மருத்துவமனை ஏன் திருப்பி அனுப்பியது, ரத்தம் இருந்ததா என்று நேரவாரியாகக் கேட்பார்கள். பின்னாளில் மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் குடும்பத்தாரும் வந்து சொல்லும் முறை ஏற்பட்டது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவிலும் பிரசவம் பார்க்க மூன்று செவிலியர்களை நியமித்ததும், 24 மணி நேர அவசர மகப்பேறு மையங்களைத் திறந்ததும், 2008-இல் 108 ஆம்புலன்ஸ் வந்ததும் 'தாமதம்' என்ற அதே நோய்க்குத் தேடிய மருந்துகள். மலைக்கிராமப் பெண்கள் நாள் நெருங்குமுன்பே வந்து தங்குவதற்குச் சில ஆரம்ப சுகாதார நிலையங்களில் காத்திருப்பு அறைகள் இருக்கின்றன. பிரசவ அறையில் உறவுக்காரப் பெண் ஒருவர் கூட இருக்கலாம் என்று 2004-இல் அனுமதி வந்தது. இதற்குச் செலவு ஏதுமில்லை. ஆனால் வலியில் இருக்கும் பெண்ணுக்குத் தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருப்பது பெரிய பலம்.

சுகப்பிரசவமானால் இரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பேறுகால மரணம் என்ற மருத்துவ வரையறையோ பிரசவத்துக்குப் பின் 42 நாட்கள் வரை நீள்கிறது. ரத்தப்போக்கு, கிருமித் தொற்று, ரத்த அழுத்தம் ஏறி வரும் வலிப்பு எல்லாம் குழந்தை பிறந்த பிறகும் வரக்கூடியவை. குழந்தை இறப்பிலும் பெரும்பங்கு முதல் 28 நாட்களுக்குள் நடக்கிறது. அதனால்தான் பிறந்த 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் வீட்டுக்கே சென்று பார்க்க வேண்டும் என்று தேசியத் திட்டம் சொல்கிறது. பல மாநிலங்களில் இதற்கு 'ஆஷா' எனப்படும் ஊர்மட்டச் சுகாதாரப் பணியாளர்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் அவர்கள் பெரும்பாலும் மலைப் பகுதிகளில் மட்டுமே இருப்பதால் இந்தப் பாரமும் நர்சம்மா தலையில்தான். புதன்கிழமைத் தடுப்பூசி, கர்ப்பிணிப் பதிவு, கணினிப் பதிவேற்றம் எல்லாவற்றுக்கும் நடுவே ஆறு முறை வீடு தேடிப் போவது பல இடங்களில் ஏட்டளவில் நின்றுவிடுகிறது.

இதோடு தாய்வீட்டு வழக்கம் சேர்கிறது. தலைப்பிரசவத்துக்குப் பெண் பிறந்த வீட்டுக்குப் போவாள்; மூன்று மாதமோ ஐந்து மாதமோ கழித்துத்தான் திரும்புவாள். அந்தப் பெண்ணைப் பதிந்து, கவனித்து வந்த நர்சம்மா ஓர் ஊரில். அவள் பிறந்த வீடு வேறு மாவட்டத்தில். பிக்மி நம்பரை வைத்து விவரத்தை எங்கேயும் பார்க்கலாம். ஆனால் 'ஒரு பெண் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள்' என்று பிறந்த ஊரில் யாராவது சொன்னால்தான் அங்குள்ள செவிலியர் தேடி வருவார். தாய்வீட்டுக்குப் போன வாரமே அங்குள்ள துணை சுகாதார நிலையத்தில் கர்ப்பப் பதிவு அட்டையைக் காட்டிவிடுவது குடும்பத்தின் கையில் இருக்கும் எளிய காரியம்.

ஒழுங்காக நடக்கும் ஒரு வீட்டுச் சந்திப்பு அரைமணி நேரம் பிடிக்கும். நர்சம்மா குழந்தையைத் துணித்தொட்டிலில் இட்டு எடை பார்ப்பார். உள்ளங்காலைத் தொட்டு உடம்பு கதகதப்பாக இருக்கிறதா என்று அறிவார். தொப்புளில் சீழோ நாற்றமோ உண்டா என்று கவனிப்பார். மார்பில் போடச் சொல்லி, குழந்தை காம்பை மட்டும் கவ்வுகிறதா, கருவட்டத்தையும் சேர்த்துக் கவ்வுகிறதா என்று பார்ப்பார். தாயின் கீழிமையை இழுத்து ரத்தசோகை இருக்கிறதா என்று பார்ப்பார். ஒரு நாளைக்கு எத்தனை துணி நனைகிறது என்று கேட்பார். தையலையும் ரத்த அழுத்தத்தையும் பார்ப்பார். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி மாநிலத்துக் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, பிரசவங்களில் 44.9 சதவீதம் அறுவை சிகிச்சை. இந்த இரண்டு எண்களும் வீட்டுச் சந்திப்பின் தேவையைக் கூட்டவே செய்கின்றன.

வீட்டுப் பெரியவர்களின் கவனிப்புதான் உண்மையில் முதல் துணை. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதும், பூண்டுக் குழம்பும் சுண்டி லேகியமும் செய்து கொடுப்பதும், இரவில் குழந்தையை வாங்கிக்கொண்டு தாயைத் தூங்க விடுவதும் விலைமதிப்பற்றவை. 2015-இல் அரசு கொடுக்கத் தொடங்கிய குழந்தைநலப் பெட்டகத்திலேயே சௌபாக்கிய சுண்டி லேகியம் இருந்தது. பத்தியம் என்ற பெயரில் தண்ணீரையும் பழத்தையும் கீரையையும் நிறுத்துவது மட்டும் பாலூட்டும் உடம்புக்குக் கேடு. பிறந்தவுடன் சேனை வைப்பது, வசம்பைச் சுட்டு நாக்கில் தடவுவது, குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவது இவையும் வேண்டாம். கிருமித் தொற்றும், எண்ணெய் நுரையீரலுக்குள் போவதும் பச்சிளங்குழந்தை தாங்கக்கூடியவை அல்ல. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கிடைத்த குழந்தைகள் மாநிலத்தில் 60.2 சதவீதம்தான், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் குடிப்பவை 55.1 சதவீதம். எடை குறைந்து பிறந்த குழந்தைக்குத் தாயிடம் பால் போதாவிட்டால் அரசு மருத்துவமனைகளில் 2014 முதல் செயல்படும் தாய்ப்பால் வங்கிகள் உதவும். பேருந்து நிலையங்களில் 2015 முதல் பாலூட்டும் அறைகள் வந்தன. பூட்டிக் கிடக்கும் அறைகளைத் திறந்து வைப்பது உள்ளாட்சியின் கடமை.

பிள்ளை பெற்ற பெண் காரணமின்றி அழுவது சில நாட்களில் தானே சரியாகும். இரண்டு வாரத்தைத் தாண்டியும் தூக்கமின்மை, குழந்தையை வெறுத்தல், சாக வேண்டும் என்ற பேச்சு இருந்தால் அது நோய், சிகிச்சை உண்டு. 'உனக்கு மட்டுமா பிள்ளை பிறந்திருக்கிறது' என்று அடக்கிவிடக் கூடாது.

ஒரு மணி நேரத்தில் இரண்டு நாப்கின் நனையுமளவு ரத்தப்போக்கு, காய்ச்சல், கடும் தலைவலி, பார்வை மங்கல், வலிப்பு, மூச்சுத்திணறல் ஆகியவை தாய்க்கு ஆபத்து. பால் குடிக்க மறுப்பது, உடல் சில்லிடுவது, வேகமாக மூச்சு வாங்குவது, உள்ளங்கால் வரை மஞ்சளாவது ஆகியவை குழந்தைக்கு ஆபத்து. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஆம்புலன்ஸுக்கு 108, மருத்துவ ஆலோசனைக்கு 104, மனநல உதவிக்கு 14416. மூன்றும் இலவசம், இரவும் பகலும் இயங்குபவை.