ஒரே படகில் இரண்டு டிரான்ஸ்டியூசர்: பொருத்தும் முன் இதைக் கவனியுங்கள்

மீனவ நண்பர்களே, எக்கோ சவுண்டரின் திரை மேலே இருந்தாலும், ஒலியை அனுப்பி அதன் எதிரொலியை வாங்குவது தண்ணீரில் இருக்கும் டிரான்ஸ்டியூசர்தான். ஃபைபர் படகில் பழைய கருவியோடு புதியதையும் வைக்க நினைத்தால், முதலில் இரண்டின் அதிர்வெண்ணைப் பாருங்கள்.

இரண்டும் 200 கிலோஹெர்ட்ஸில் ஓடினால் ஒன்றின் ஒலியை மற்றொன்று கேட்கும். திரை முழுக்கப் புள்ளியும் கோடும் விழும். எது மீன் என்றே தெரியாது. தள்ளித் தள்ளி வைத்தால் சரியாகிவிடும் என்பார்கள். சின்னப் படகில் அது பெரிதாக உதவாது. தரையில் பட்டுத் திரும்பும் ஒலி இரண்டுக்குமே வரும் அல்லவா? ஒன்றை 200, மற்றொன்றை 50 என்று வையுங்கள். அது முடியாவிட்டால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் ஓட்டுங்கள்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. 20 டிகிரி ஒலிக்கூம்பு உள்ள 200 கிலோஹெர்ட்ஸ் கருவி, 30 மீட்டர் ஆழத்தில் சுமார் 10 மீட்டர் அகலத்தைத்தான் பார்க்கும். பாறையும் மீனும் பிரிந்து தெரியும். 45 டிகிரி உள்ள 50 கிலோஹெர்ட்ஸ் சுமார் 25 மீட்டர் அகலத்தைப் பார்க்கும், அதிக ஆழத்துக்கும் எட்டும். ஆனால் விவரம் குறையும்.

படகின் பின்பலகையில் மாட்டுவதானால், புரொப்பல்லர் சுற்றும் வட்டத்திலிருந்து குறைந்தது 75 மில்லிமீட்டர் தள்ளி, நுரை வராத இடத்தில் மாட்டுங்கள்.

கரையில் இழுத்து ஏற்றும் படகுகளுக்கு இந்த முறையை நான் சொல்லமாட்டேன். மணலில் உரசி உடைந்துவிடும். அடித்தளத்தின் உள்பக்கம் ஒட்டுவதே மேல். அதற்கென வரும் டிரான்ஸ்டியூசரை வாங்குங்கள். அந்த இடத்தில் நடுவே நுரையோ மரமோ இல்லாத கெட்டியான ஃபைபர் இருக்க வேண்டும். ஒட்டும் முன் சோதியுங்கள்: தண்ணீர் நிறைத்த பிளாஸ்டிக் பைக்குள் டிரான்ஸ்டியூசரை வைத்து அந்த இடத்தில் அழுத்திப் பிடியுங்கள். பிறகு படகின் பக்கவாட்டில் தண்ணீரில் தொங்கவிட்டு ஆழம் பாருங்கள். இரண்டு அளவும் ஏறக்குறைய ஒத்துவந்தால் அந்த இடம் சரி. ஒட்டும்போது பசையில் காற்றுக்குமிழி இருக்கக் கூடாது.

நீளமான வயரை வெட்டாமல் சுருட்டிக் கட்டுங்கள். மோட்டார் வயரோடு சேர்த்து ஓட்டினால் திரையில் இரைச்சல் வரும். ஒவ்வொரு கருவிக்கும் பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸ் கொடுங்கள். தண்ணீரில் இருக்கும் டிரான்ஸ்டியூசருக்குப் பாசி பிடிக்காமல் பெயின்ட் அடிப்பவர்கள், தண்ணீரில் கலக்கும் வகையை மட்டும் பயன்படுத்த வேண்டும். மற்றவை அதன் பிளாஸ்டிக்கை அரித்துவிடும்.