வேடிக்கை பார்க்கும் பிள்ளையின் பெற்றோருக்கு

“சின்னப் பசங்கன்னா அடிச்சுக்குவாங்க, அப்புறம் சேர்ந்துக்குவாங்க” என்று நாம் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ரப்பருக்காகக் கட்டிப் புரண்ட இரண்டு பேர் மதியம் ஒரே டப்பாவில் கைவிட்டுச் சாப்பிடுவார்கள். அதில் பெரியவர்களுக்கு வேலையே இல்லை. மீதிப் பாதியைத்தான் கொஞ்சம் பொறுமையாகப் பேச வேண்டும்.

தினமும் ஒரே பிள்ளையின் பையைத்தான் ஒளித்து வைக்கிறார்கள். திக்கிப் பேசுகிற ஒரே பிள்ளையைப் போலத்தான் எல்லோரும் பேசிக் காட்டுகிறார்கள். “அவகூட யாரும் பேசாதீங்க” என்று ஒருத்தி சொன்னால் வகுப்பே கேட்கிறது. பள்ளிகளில் ‘புல்லியிங்’ என்று சொல்லும் இந்தத் தொடர் சீண்டலைச் சண்டையிலிருந்து பிரித்துக் காட்ட மூன்று அடையாளங்கள் உண்டு: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க முடியாத பிள்ளையிடம் செய்வது. இந்த மூன்றையும் வகுத்துச் சொன்னவர் டான் ஓல்வியஸ் என்ற உளவியலாளர். சண்டையில் இருவரும் சமம். சீண்டலில் சமம் கிடையாது. அதனால்தான் ‘நீங்களே பேசித் தீர்த்துக்கோங்க’ என்ற அறிவுரை அங்கே செல்லுபடியாவதில்லை.

ஓல்வியஸ் வேலை செய்த நார்வேயில் 1982-ன் இறுதியில் மூன்று சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். சக மாணவர்களின் கொடுமையே காரணமாக இருக்கும் என்று பேசப்பட்டது. நாடு அதிர்ந்தது. 1983-ல் கல்வி அமைச்சகம் நாடு முழுக்க ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. ஆசிரியர்களுக்கு ஒரு கையேடு தந்தார்கள். கூடவே, பள்ளி செல்லும் பிள்ளை உள்ள எல்லாக் குடும்பங்களுக்கும் நான்கு பக்கத்தில் ஒரு சிறு வழிகாட்டியை இலவசமாக அனுப்பினார்கள். புகார் கொடுத்த வீடு, புகாருக்கு ஆளான வீடு என்று பார்க்காமல் எல்லா வீட்டுக்கும் அனுப்பினார்கள். பெர்கன் நகரில் 42 பள்ளிகளில், சுமார் 2,500 மாணவர்களிடம் ஓல்வியஸ் அந்த முயற்சியின் பலனைத் தொடர்ந்து கவனித்தார். சீண்டல் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது.

எல்லா வீட்டுக்கும் ஏன்? கனடாவின் டொரண்டோவில் தொடக்கப் பள்ளி விளையாட்டு மைதானங்களைப் படமெடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று இதற்கு விடை தருகிறது. 2001-ல் வெளிவந்த அந்த ஆய்வில், சீண்டல் நடந்த 100 தடவைகளில் 88 தடவை வேறு பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். அவர்களில் யாராவது குறுக்கே வந்தது 19 தடவைதான். ஆனால் அப்படி வந்தபோது, பாதிக்கு மேற்பட்ட சமயங்களில், பத்தே நொடிகளில் சீண்டல் நின்றுவிட்டது.

சீண்டுகிற பிள்ளைக்கு வேண்டியது கூட்டத்தின் சிரிப்பு. அது கிடைக்காவிட்டால் ஆட்டம் சீக்கிரம் முடிந்துவிடும். ஒரு வகுப்பில் சீண்டுபவர் ஒருவரோ இருவரோ இருப்பார்கள், சீண்டப்படுபவரும் அப்படித்தான். மீதி எல்லோரும் பார்ப்பவர்கள். ஆகவே, “என் பிள்ளை அடிக்கிறதும் இல்லை, அடி வாங்குறதும் இல்லை, எனக்கென்ன?” என்று ஒதுங்கும் பெற்றோரிடம்தான் இதைத் தடுக்கும் பலம் அதிகம் இருக்கிறது.

அவர்கள் என்ன செய்யலாம்? முதலில், சாயங்காலம் கேட்கும் கேள்வியை மாற்றலாம். “இன்னைக்கு என்ன மார்க்? ஹோம்வொர்க் என்ன?” என்பதோடு, “இன்டர்வெல்ல யாரோட விளையாடின? யாராவது தனியா உட்கார்ந்திருந்தாங்களா? யாரையாவது பட்டப்பேர் வச்சுக் கூப்பிட்டாங்களா?” என்றும் கேட்கலாம். இந்தக் கேள்விகளுக்குப் பிள்ளை பயமில்லாமல் பதில் சொல்லும், ஏனென்றால் பேச்சு அதைப் பற்றியது இல்லை. அடுத்து, ஏழு வயதுப் பிள்ளையால் செய்ய முடிந்ததை மட்டும் சொல்லிக் கொடுங்கள். சிரிக்காதே. அந்தப் பிள்ளையை “வா, நம்ம விளையாடலாம்” என்று கூட்டிக்கொண்டு போ. டீச்சரிடம் சொல். வீரம் காட்டி நடுவில் பாய வேண்டியதில்லை. மாட்டிவிடுவதற்காகச் சொல்வது கோள், ஒருவரைக் காப்பாற்றச் சொல்வது உதவி என்ற வித்தியாசம் அந்த வயதிலேயே புரியும்.

உங்கள் பிள்ளையே சீண்டப்படுகிறதா? பெரும்பாலும் அது வாய் திறந்து சொல்லாது. காலையில் வயிற்று வலி, பள்ளி விட்டதும் ஓடிவந்து கழிப்பறைக்குப் போவது, அடிக்கடி பென்சில் தொலைவது, வேனில் போகமாட்டேன் என்ற அழுகை என்று வேறு வழியில்தான் தெரியவரும். “நீயும் திருப்பி அடி” என்று சொல்லாதீர்கள். தன்னால் முடியாததால்தான் அது உங்களிடம் வருகிறது. முடியாததையே செய்யச் சொன்னால் அடுத்த முறை உங்களிடமும் சொல்லாது. முழுதும் கேளுங்கள், தேதியோடு எழுதி வையுங்கள், வகுப்பு ஆசிரியரைத் தனியாகப் பாருங்கள். கேட்டில் நின்று அடுத்த பிள்ளையை அதட்டுவதால் பிரச்சினை இரண்டு குடும்பங்களின் சண்டையாக மாறிவிடும். இருவரையும் நிற்க வைத்து “சாரி சொல்லு, கை குடு” என்று அவசரமாக முடிப்பதும் ஆபத்து. ஆசிரியர் போனபின் அந்தக் கை என்ன செய்யும் என்று சீண்டப்பட்ட பிள்ளைக்குத் தெரியும்.

உங்கள் பிள்ளைதான் சீண்டுகிறது என்று பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால், “எம் புள்ள அப்படிப்பட்டவன் இல்ல” என்ற முதல் பேச்சை அடக்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் பெல்ட்டைத் தூக்கவும் வேண்டாம். பலமுள்ளவன் அடிக்கலாம் என்ற பாடம்தான் அதில் உறுதிப்படும். செய்தது தவறு என்று தெளிவாகச் சொல்லுங்கள், ஒளித்த பொருளைத் திருப்பிக் கொடுக்க வையுங்கள், சில வாரங்களுக்கு ஆசிரியரிடம் தொடர்ந்து விசாரியுங்கள்.

பிள்ளைகளின் பட்டப்பெயர்களில் பல நம் வீட்டுக் கூடத்தில் பிறந்தவை. கறுப்பு, குண்டு, நொண்டி என்று உறவினரை நாம் சொல்வதைக் கேட்டுத்தான் அவர்கள் வகுப்பில் சொல்கிறார்கள். சாதியும் அப்படித்தான் போய்ச் சேருகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியலின மாணவரையும் அவர் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் உடன் படித்த மாணவர்கள். அதற்கு முன்பே அவரைப் பள்ளியில் சீண்டிக்கொண்டிருந்தார்கள். அதன்பின் அரசு அமைத்த நீதியரசர் கே. சந்துரு குழு, மாணவர்கள் சாதி அடையாளமாகக் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்யச் சொல்லி 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கயிற்றைப் பள்ளி அவிழ்க்கலாம். “அவன் கொடுத்தா வாங்கித் தின்னாதே” என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் சொல்லி அனுப்புவதை வீடுதான் நிறுத்த வேண்டும்.

பள்ளியிடம் நாம் கேட்க வேண்டியதும் உண்டு. கல்வி உரிமைச் சட்டம் 2009-ன்படி, அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். கட்டடம், சத்துணவு, கழிப்பறை பற்றிப் பேசும் அந்தக் கூட்டத்தில் இதையும் பேசுங்கள். இடைவேளையில் மைதானத்தில் எந்த ஆசிரியர் நிற்கிறார்? கழிப்பறைப் பக்கம், சாப்பாட்டு வரிசை, வேன் ஆகியவற்றை யார் கவனிக்கிறார்கள்? புகார் சொன்னால் எத்தனை நாளில் பெற்றோருக்குப் பதில் வரும்? புகார்ப் பெட்டி இருந்தாலும் இரண்டாம் வகுப்புப் பிள்ளை எழுதிப் போடாது. அது நம்பிச் சொல்ல ஒரு பெரியவர் வேண்டும். தனியார் பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் இதே கேள்விகளைக் கேட்கலாம். பள்ளி செவிசாய்க்காவிட்டால் தமிழ்நாட்டில் 14417 என்ற கல்வி உதவி எண்ணும், நாடு முழுவதற்குமான 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் இருக்கின்றன.

இதெல்லாம் செய்தால் சீண்டல் அடியோடு ஒழிந்துவிடுமா? இல்லை. பல நாடுகளின் தடுப்புத் திட்டங்களைத் தொகுத்து 2011-ல் வெளியான டோஃபி, ஃபாரிங்டன் ஆய்வின்படி, சீண்டுவது சராசரியாக 20 முதல் 23 சதவீதம்தான் குறைந்தது. பெற்றோர் கூட்டமும், மைதானக் கண்காணிப்பும் இருந்த திட்டங்கள் கூடுதல் பலன் தந்தன. ஐந்தில் ஒரு பங்கு சிறியதாகத் தெரியலாம். அந்த ஒரு பங்கில் இருக்கும் பிள்ளைக்கு அது முழுப் பள்ளி வாழ்க்கை.

அடுத்த கூட்டத்துக்கு அழைப்பு வந்தால் போங்கள். உங்கள் பிள்ளைக்கு எந்தப் பிரச்சினையும் இல்லாதபோதே போங்கள். பாதிக்கப்பட்ட பிள்ளையின் அம்மா அங்கே தனியாக எழுந்து பேசும்படி விட்டுவிடாதீர்கள்.