பதினாறாம் நாளுக்குப் பிறகு

நோயில் கிடந்து இறந்தவர் வீட்டில், பத்திரம் எங்கே, பாஸ்புக் எங்கே என்று கேட்டுவைக்கக் கொஞ்சம் அவகாசமாவது இருந்திருக்கும். மாரடைப்பிலோ சாலை விபத்திலோ போனவர் வீட்டில் அதுவும் இல்லை. துக்கத்தோடு சேர்ந்து குடும்பப் பொறுப்பு முழுவதும் ஒரே நாளில் மனைவியின் தலையில் வந்து விழுகிறது. அந்த நேரத்தில் உறவினர்கள் அவசரப்படுத்துகிற காரியங்களில் பல, ஆறப்போடக்கூடியவை. யாரும் நினைவுபடுத்தாத சிலவற்றுக்குத்தான் கெடு உண்டு. தமிழ்நாட்டில் கணவரை இழந்த பெண்ணை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். மனைவியை இழந்த ஆணுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். ஆஸ்பத்திரியில் இறந்திருந்தால் தகவலை அவர்களே பதிவாளருக்கு அனுப்புவார்கள். வீட்டில் இறந்திருந்தால் குடும்பத்தார்தான் தெரிவிக்க வேண்டும். சான்றிதழில் பெயரும் இனிஷியலும் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று கையில் வாங்கும்போதே பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் பிறகு அலைச்சல். விபத்து என்றால் எஃப்ஐஆர் நகலும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் சேர்த்து வாங்குங்கள். அடுத்தது வாரிசுச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால், விஏஓ விசாரணைக்குப் பின் தாசில்தார் அலுவலகத்தில் கிடைக்கும்.

கணவரின் சிம் கார்டை உடனே முடக்கிவிடாதீர்கள். வங்கி, காப்பீடு, பிஎஃப் என்று எதிலிருந்து செய்தி வந்தாலும் அந்த எண்ணுக்குத்தான் வரும். என்னென்ன கணக்கு இருந்தது என்பதே அதிலிருந்துதான் பல வீடுகளில் தெரிய வருகிறது. ஆனால் அவருடைய ஏடிஎம் கார்டில் பணம் எடுக்க வேண்டாம். அவசரத்துக்குப் பலரும் செய்வதுதான், ஆனாலும் சட்டப்படி அது தவறு. வாரிசுகளுக்குள் மனக்கசப்பு வந்தால் அதுவே உங்கள் மேல் குற்றச்சாட்டாகும். நாமினியாக உங்கள் பெயர் இருந்தால் இறப்புச் சான்றிதழும் உங்கள் அடையாள ஆவணமும் கொடுத்து முறையாகவே பெறலாம்.

பாஸ்புக்கை ஒரு முறை வரிவரியாகப் படியுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை 436 ரூபாய் பிடித்திருந்தால், அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு. எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம் ரூபாய் வரும். 20 ரூபாய் பிடித்திருந்தால் அது விபத்துக் காப்பீடு. விபத்து மரணத்துக்கு 2 லட்சம். கணக்குத் தொடங்கும்போது போட்ட கையெழுத்தோடு பலருக்குச் சேர்ந்துவிடுகிற திட்டங்கள் என்பதால், இருப்பதே தெரியாமல் கேட்காமல் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. தனியார் வேலையில் இருந்தவர் என்றால் பிஎஃப் சேமிப்போடு முடிந்துவிடவில்லை. பணியில் இருக்கும்போது இறந்தவர் குடும்பத்துக்கு அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. ஓய்வூதியத் திட்டத்தில் ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலே மனைவிக்கு மாத ஓய்வூதியமும், 25 வயதுக்குட்பட்ட இரண்டு பிள்ளைகளுக்குத் தனித் தொகையும் கிடைக்கும்.

கடன்காரர்களும் இந்த நாட்களில்தான் வருவார்கள். கணவர் தனியாக வாங்கிய கடனுக்கு, அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்கே வாரிசுகள் பொறுப்பு. நீங்கள் ஜாமீன் கையெழுத்தோ கூட்டுக் கையெழுத்தோ போடாதவரை உங்கள் சம்பளத்தில் கைவைக்க யாருக்கும் உரிமை இல்லை. கூச்சத்தில் 'நான் கட்டிவிடுகிறேன்' என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

எனக்கு மிகவும் கவலை தருவது இன்னொரு கையெழுத்து. காரியம் முடிந்த கையோடு, சொந்தங்கள் கூடியிருக்கும்போதே, சொத்தில் பங்கு வேண்டாம் என்று எழுதித் தரும் விடுதலைப் பத்திரம் நீட்டப்படும் வீடுகள் இருக்கின்றன. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவரின் சொந்தச் சம்பாத்தியத்தில் மனைவி, மகன்கள், மகள்கள், அவருடைய தாய் எல்லோருக்கும் சமபங்கு. மாமியாரின் பங்கு நியாயமானது, அதை மறுக்க வேண்டாம். உங்கள் பங்கையும் விட வேண்டாம். நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்பவரே தவிர உரிமையாளர் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1983இலேயே ஓர் எல்ஐசி பாலிசி வழக்கில் தீர்ப்பளித்தது; ஆயுள் காப்பீட்டில் மட்டும், மனைவியோ பிள்ளைகளோ பெற்றோரோ நாமினியானால் பொருந்தும் விதி 2015இல் மாற்றப்பட்டது. எந்தத் தாளானாலும், 'வக்கீலிடம் காட்டிவிட்டுப் போடுகிறேன்' என்று சொல்லுங்கள். அதற்குக் கோபப்படுகிறவரிடம் இன்னும் கவனமாக இருங்கள்.

வீட்டை விற்பது, பிறந்த வீட்டோடு போய்விடுவது, வந்த காப்பீட்டுப் பணத்தை யாருடைய தொழிலிலோ போடுவது இவையெல்லாம் தலைத்திவசம் வரை பொறுக்கலாம். பணத்தை அதுவரை வங்கியில் வைப்புத்தொகையாகப் போட்டுவையுங்கள்.

துக்கம் படிப்படியாக இறங்கிப் போகும் என்று பலரும் நினைக்கிறார்கள். மார்கரெட் ஸ்ட்ரோப, ஹெங்க் ஷூட் என்ற நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1999இல் வேறொன்றைச் சொன்னார்கள்: துணையை இழந்தவர் மனம் துக்கத்துக்கும் அன்றாட வேலைக்கும் இடையே போவதும் வருவதுமாக இருக்கும், தேறுவது அப்படித்தான். பேங்கில் வரிசையில் நின்று நிதானமாகப் பேசிவிட்டு, வீட்டுக்கு வந்து அவருடைய சட்டையைப் பார்த்ததும் உடைந்துபோனால் உங்களுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. ஒரு நாள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாலும் அது துரோகம் இல்லை. பூவும் பொட்டும் வைத்துக்கொள்வது உங்கள் முடிவு. பதினாறாம் நாள் கூடுகிறவர்களுக்கு அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

உடம்பையும் பார்க்க வேண்டும். பிரிட்டனில் மனைவியை இழந்த 55 வயது தாண்டிய 4,486 ஆண்களைத் தொடர்ந்து கவனித்து 1969இல் வெளியான ஆய்வில், முதல் ஆறு மாதத்தில் இறப்பு வழக்கத்தைவிட 40 சதவீதம் கூடியிருந்தது. அதில் இதய நோய்தான் அதிகம். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை நிறுத்திவிடாமல் இருக்கிறாரா என்று பக்கத்தில் இருப்பவர் கேட்க வேண்டும். குறிப்பாக அடுப்படிப் பக்கமே போகாத அப்பாக்களிடம்.

பிள்ளைகளிடம் 'அப்பா ஊருக்குப் போயிருக்கிறார்' என்று சொல்லாதீர்கள். இறந்துவிட்டார், இனி வரமாட்டார் என்று எளிய சொற்களில் நீங்களே சொல்லுங்கள். வாசலில் யார் வண்டி நின்றாலும் எட்டிப் பார்க்கிற குழந்தையைக் காத்திருக்க வைப்பது கொடுமை.

மாதங்கள் போயும் தூக்கம் இல்லை, எழுந்து பல் தேய்க்கவே முடியவில்லை, நானும் போய்விடலாமா என்று தோன்றுகிறது என்றால் அது மருத்துவம் பார்க்க வேண்டிய நிலை. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணிலும் 104இலும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

மறுமணம் பற்றிக் கேட்கக் கூச்சப்படுகிறவர்களுக்காக: மறுமணம் செய்தாலும், கணவரிடமிருந்து வாரிசாக வந்த சொத்துப் பங்கு உங்களைவிட்டுப் போகாது. பிஎஃப் ஓய்வூதியம் உங்களுக்கு நின்றுவிடும். பிள்ளைகள் இருந்தால், அவர்களுக்கு வருகிற தொகை அதிக விகிதத்தில் மாறும். அதற்கு பிஎஃப் அலுவலகத்தில் நீங்கள்தான் தெரிவிக்க வேண்டும்.