கடலில் கொட்டிய மத்தி

பள்ளியில் எனக்குப் பொருளாதாரம் என்றாலே கொட்டாவிதான். 'தேவை', 'அளிப்பு' என்று குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடுகள் வரைந்து, அவை வெட்டும் புள்ளிக்குச் 'சமநிலை விலை' என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். அந்தப் புள்ளிக்கும் கடைத்தெருவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றியதே இல்லை. தோன்ற வைத்தது மத்தி மீன். சில ஊர்களில் இதைச் சாளை என்பார்கள்.

1997 ஜனவரி 14. கேரளத்தில் வடகரைக் கடற்கரை. நிறைய மத்தியோடு கரைக்கு வந்த 11 மீனவர்களுக்கு அன்று வாங்க ஆள் இல்லை. மீனைக் கொட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. அதே காலையில், 15 கிலோமீட்டருக்குள் இருந்த பக்கத்துச் சந்தைகளில் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் வெறுங்கூடையோடு திரும்பவிருந்தார்கள்!

மீனவர்கள் ஏன் அங்கே போகவில்லை? மத்தி சீக்கிரம் கெட்டுவிடும். சந்தையோ காலையில் சில மணி நேரம்தான். எண்ணெய் செலவழித்து அடுத்த கரைக்குப் போனால், அங்கும் மீன் குவிந்து கிடக்கலாம். கடலில் இருப்பவருக்கு அது எப்படித் தெரியும்?

இதற்கிடையே கோழிக்கோடு, கண்ணூர், காசர்கோடு மாவட்டங்களுக்கு 1997 முதல் 2000 வரை ஒன்றன்பின் ஒன்றாகச் செல்போன் வந்தது. கரையோரக் கோபுரங்களின் அலை கடலுக்குள்ளும் எட்டியது. ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார அறிஞர் 15 கடற்கரைச் சந்தைகளின் விலைகளை வாரந்தோறும் திரட்டி, 2007இல் முடிவை வெளியிட்டார். போன் வந்த மாவட்டத்தை, இன்னும் வராத மாவட்டத்தோடு ஒப்பிட முடிந்தது. சோதனைச் சாலையில் இரண்டு தொட்டிச் செடிகளில் ஒன்றுக்கு மட்டும் உரம் போட்டுப் பார்க்கிறோமே, அதைப் போலத்தான்.

போன் வருமுன் பிடித்த மீனில் 5 முதல் 8 சதவீதம் வீணானது. வந்தபின் அது அநேகமாக நின்றுபோயிற்று. மீனவரின் லாபம் சுமார் 8 சதவீதம் உயர்ந்தது. வாங்குபவர் கொடுத்த விலையோ சுமார் 4 சதவீதம் குறைந்தது!

விற்பவருக்கும் லாபம், வாங்குபவருக்கும் லாபம் என்றால் நஷ்டம் யாருக்கு? எனக்கும் முதலில் புரியவில்லை. ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். ஒரு கரையில் 100 கூடை மீன். ஆனால் 60 கூடைதான் விலைபோகும். இன்னொரு கரையில் 60 கூடை தேவை, வந்ததோ 20. விற்பனை 80, கடலில் கொட்டியது 40. போன் இருந்தால் அந்த 40 கூடையும் அடுத்த கரைக்குப் போய்விடும். விற்பனை 120. ஒருவர் பையிலிருந்து எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்கவில்லை. வீணாகப் போனதுதான் பங்காயிற்று. போன் இல்லாத படகுக்காரருக்கும் நன்மை உண்டு: அவர் கரையில் மீன் குவிவது குறைகிறது அல்லவா?

ஆனாலும் இரு கரைகளின் விலையும் அச்சாக ஒன்றாகிவிடாது. விலை வித்தியாசம் எண்ணெய்ச் செலவைவிடக் குறைவாக இருந்தால் எந்தப் படகும் நகராது.

நீங்களும் ஒரு சோதனை செய்யலாம். ஒரே நாளில் உங்கள் தெருக் கடையிலும் தூரத்துச் சந்தையிலும் ஒரு கிலோ தக்காளி என்ன விலை என்று குறித்து வாருங்கள். வித்தியாசம், போய்வரும் பஸ் கட்டணத்தைவிடக் கூடவா, குறைவா?