ஒரே தீவு, இரண்டு தடைகள்: களைக்கொல்லியை எடைபோடுவது எப்படி?

இலங்கை அரசு இரண்டு களைக்கொல்லிகளுக்குத் தடை போட்டது. முதலாவது பாராகுவாட். 2008இல் தொடங்கி 2011க்குள் அதைப் படிப்படியாகச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இரண்டாவது கிளைபோசேட். அதன் இறக்குமதியை 2015இல் ஒரே உத்தரவில் நிறுத்தினார்கள். முதல் தடையை இன்றைக்கும் பொதுச் சுகாதார வல்லுநர்கள் உலகெங்கும் முன்மாதிரியாகக் காட்டுகிறார்கள். இரண்டாவது தடையை ஏழு ஆண்டுகள் கழித்து, 2022இல், அரசே விலக்கிக்கொண்டது.

இரண்டுமே களையைக் கொல்லும் மருந்துகள்தான். பிறகு ஏன் ஒரு தடை பலித்தது, மற்றது பலிக்கவில்லை? இதற்கு விடை தேடிப் போனால், ‘களைக்கொல்லி நல்லதா, கெட்டதா’ என்று பட்டிமன்றம் நடத்துவதில் பயனில்லை என்பது விளங்கும். எந்த மருந்து, எதற்காக, யார் கையில் என்று கேட்டால்தான் உருப்படியான பதில் கிடைக்கும்.

முதலில், விவசாயி ஏன் இந்த மருந்தைத் தேடிப் போகிறார்? ஜபல்பூரில் இருக்கும் மத்திய அரசின் களை ஆராய்ச்சி இயக்ககத்து விஞ்ஞானிகள் 2018இல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். இந்தியாவில் களையால் நிலக்கடலை விளைச்சலில் 36 விழுக்காடு வரை போகிறது. பாசிப்பயறில் 31, மக்காச்சோளத்தில் 25. முக்கியமான பத்துப் பயிர்களை மட்டும் கூட்டினாலே ஆண்டுக்கு ஏறத்தாழ 1,100 கோடி டாலர் நட்டம்.

அதே கணக்கில் நட்ட நெல்லில் இழப்பு 14 விழுக்காடு. நேரடியாக விதைத்த நெல்லில் 21. காரணம் எளிது. நடவு வயலில் நாற்று ஏற்கெனவே வளர்ந்து நிற்கிறது. தேங்கிய தண்ணீர் களை விதைகளை முளைக்க விடாமல் அமுக்கிவிடுகிறது. விதைத்த வயலில் நெல்லும் குதிரைவாலிப் புல்லும் ஒரே நாளில் முளைக்கின்றன, பார்ப்பதற்கும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஆற்றில் தண்ணீர் தாமதமாக வரும்போதும் நடவுக்கு ஆள் கிடைக்காதபோதும் விவசாயிகள் நேரடி விதைப்புக்கு மாறுகிறார்கள். மாறிய கையோடு களைக்கொல்லியும் வயலுக்குள் வந்துவிடுகிறது. பத்துப் பெண்கள் வரிசையாகக் குனிந்து களையெடுத்த வேலையை ஒரு கைத்தெளிப்பான் ஒரு முற்பகலில் முடித்துவிடும். கூலிக் கணக்குப் போட்டுப் பார்க்கும் எவருக்கும் அது பெரிய விஷயம்.

ஆனால் களைக்கொல்லிகள் எல்லாம் ஒரே சாதி அல்ல. 1940களில் வந்த 2,4-டி அகன்ற இலைக் களைகளைக் கொல்லும், புல் இனமான நெல்லையும் கோதுமையையும் விட்டுவிடும். பிரெட்டிலாகுளோர் களை முளைப்பதற்கு முன்பே வேலை செய்வது. நாற்று நட்ட சில நாட்களுக்குள் மணலில் கலந்து, மெல்லிய தண்ணீர் நிற்கும் வயலில் தூவுவார்கள். பாராகுவாட்டும் கிளைபோசேட்டும் பேதம் பார்க்காதவை. மேலே பட்ட பச்சையை எல்லாம் கருக்கிவிடும். அதனால் பயிர் நிற்கும் இடத்தில் அல்லாமல், விதைப்புக்கு முன்னும் தோட்டப் பயிர்களின் இடைவெளிகளிலும் அவற்றைத் தெளிக்கிறார்கள்.

பாராகுவாட் 1960களின் தொடக்கத்தில் சந்தைக்கு வந்தது. காலையில் அடித்தால் வெயில் ஏறும்போதே இலை வாடத் தொடங்கும். மண்ணில் பட்டதும் களிமண்ணோடு இறுகப் பிடித்துக்கொண்டு செயலிழந்துவிடும் என்பதால், அடித்த சில நாட்களிலேயே விதைக்கலாம். விவசாயத்தின் கண்ணோட்டத்தில் மட்டும் பார்த்தால் அருமையான மருந்து.

மனித உடலுக்குள் அதன் கதை வேறு. உள்ளே போன பாராகுவாட்டை நுரையீரல் தேடிப் பிடித்துச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. அங்கே அது உயிரணுக்களைச் சிதைக்கச் சிதைக்க, நுரையீரல் தழும்பேறி இறுகுகிறது. மூச்சுத் திணறுபவருக்கு ஆக்ஸிஜன் வைப்பதுதான் மருத்துவமனையின் வழக்கம். பாராகுவாட் நோயாளிக்கு ஆக்ஸிஜன் கொடுத்தால் சிதைவு இன்னும் வேகமெடுக்கும். மருத்துவர் அதைக் கொடுக்கவும் தயங்க வேண்டும், கொடுக்காமலும் இருக்க முடியாது. மாற்று மருந்து கிடையாது. நோயாளி பெரும்பாலும் நினைவோடு இருந்தபடியே, நாட்கணக்கிலோ வாரக்கணக்கிலோ இறந்துபோகிறார். தவறுதலாகக் குடித்துவிடாதபடி நிறுவனங்கள் அதில் நீல நிறமும் குமட்டும் நாற்றமும் வாந்தி மருந்தும் சேர்த்துப் பார்த்தன. சாவு நிற்கவில்லை.

1990களின் நடுவில் இலங்கையின் தற்கொலை விகிதம் உலகிலேயே மிக அதிகமான விகிதங்களில் ஒன்று: லட்சம் பேருக்கு ஏறத்தாழ 47. அதில் பெரும்பங்கு வீட்டுத் திண்ணையில் இருந்த வயல் மருந்துகளால் நேர்ந்தது. பேராதனையிலும் கொழும்பிலும் இருந்த மருத்துவர்களும் பூச்சிமருந்துப் பதிவாளர் அலுவலகமும் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்: எந்த மருந்தைக் குடித்தவர்கள் பிழைக்கிறார்கள், எதைக் குடித்தவர்கள் பிழைப்பதில்லை? மருத்துவமனைப் பதிவேடுகளில் விடை இருந்தது. அதன்படி ஒவ்வொன்றாகத் தடுத்தார்கள். பாராகுவாட்டையும் அதனுடன் இரண்டு பூச்சிக்கொல்லிகளையும் நிறுத்திய பிறகு, 2011க்கும் 2015க்கும் இடையில் மட்டும் வயல் மருந்துகளால் நேர்ந்த தற்கொலை விகிதம் பாதியாகக் குறைந்தது. 1995 முதல் இருபது ஆண்டுகளில் இத்தகைய தடைகளால் காப்பாற்றப்பட்ட உயிர்கள் சுமார் 93,000 என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். ஒரு கண நேர ஆவேசத்தில் கைக்கு எட்டிய மருந்து கொடியதாக இல்லாவிட்டால், அந்த மனிதர் பிழைத்து வீடு திரும்புகிறார். இதற்காக விளைச்சல் பலியாகவும் இல்லை. களைக்கு வேறு மருந்துகள் இருந்தன.

கிளைபோசேட் பாராகுவாட்டுக்கு நேர் எதிர். அமெரிக்காவின் மான்சாண்டோ நிறுவனம் 1974இல் ‘ரவுண்டப்’ என்ற பெயரில் கொண்டுவந்தது. தாவரங்களிலும் நுண்ணுயிர்களிலும் மட்டும் இருக்கும் ஒரு நொதியைத்தான் அது முடக்குகிறது. அந்த நொதி மனித உடலில் இல்லை. எனவே உடனடி நச்சுத்தன்மையில் அது பாராகுவாட்டின் பக்கத்தில்கூட வராது. டப்பாவில் அதனோடு கலந்திருக்கும் சோப்புத் தன்மையுள்ள துணைப் பொருட்கள்தான் பல நேரங்களில் அதிகக் கேடு செய்கின்றன. அப்படி ஒரு துணைப் பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2016இல் விலக்கியது.

சர்ச்சை புற்றுநோயைப் பற்றியது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015 மார்ச்சில் கிளைபோசேட்டை ‘மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற 2ஏ பிரிவில் வைத்தது. அதே ஆண்டு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், அது புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புக் குறைவு என்றது. இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கான பதில்கள். புற்றுநோய் முகமை, ஒரு பொருளுக்கு அந்தத் தன்மை இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி போன்ற சிவப்பு இறைச்சியும் இரவுப் பணியும் அதே 2ஏ பிரிவில்தான் உள்ளன. மற்ற அமைப்புகள், மனிதர் உண்மையில் எதிர்கொள்ளும் அளவில் ஆபத்து எவ்வளவு என்று பார்க்கின்றன. அமெரிக்க நீதிமன்றங்களில் வழக்குகள் குவிந்தன. மான்சாண்டோவை வாங்கிய பேயர் நிறுவனம் 2020இல் 1,000 கோடி டாலருக்கு மேல் கொடுத்து அவற்றைத் தீர்க்க முன்வந்தது. ஐரோப்பிய ஒன்றியமோ 2023இல் அனுமதியை இன்னும் பத்தாண்டுகளுக்கு நீட்டித்தது.

இலங்கையில் தடைக்குக் காரணம் புற்றுநோய் அல்ல, சிறுநீரகம். அநுராதபுரம் பகுதியின் நெல் விவசாயிகளிடையே 1990கள் முதல், நீரிழிவோ இரத்த அழுத்தமோ இல்லாமலே சிறுநீரகம் செயலிழக்கும் நோய் பரவிவந்தது. கடினநீரும் கிளைபோசேட்டும் சேர்ந்து இதை உண்டாக்கலாம் என்று 2014இல் ஒரு ஆய்வுக் கட்டுரை கருதுகோளாக முன்வைத்தது. அது நிறுவப்படுவதற்குள் 2015இல் தடை வந்துவிட்டது. இந்த மருந்தைப் பல ஆண்டுகளாகத் தெளித்துவந்த மலையகத் தேயிலைத் தோட்டங்களில் அந்த நோய் அப்படிப் பரவவில்லையே என்ற கேள்விக்குப் பதில் இல்லை. கடும் வெயிலில் தண்ணீரில்லாமல் உழைப்பது, கிணற்று நீரின் ஃபுளோரைடு எனப் பிற காரணங்களும் இன்றுவரை ஆராயப்படுகின்றன.

அடி வாங்கியது மலையகம். சரிவான மலைகளில் களை மண்டினால் கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்கள்தான் அட்டைக்கும் பாம்புக்கும் நடுவே நடக்க வேண்டும். சுரண்டியால் களையைச் செதுக்கினால் மேல்மண் மழையில் இறங்கிவிடும். கையால் பிடுங்க ஆள் இல்லை. தோட்டங்கள் வேறு களைக்கொல்லிகளுக்கு மாறியதும், அவற்றில் ஒன்றான எம்சிபிஏ-வின் எச்சம் அளவுக்கு மேல் இருப்பதாக ஜப்பான் முறையிட்டது. நெல் பகுதிகளிலோ கடத்தல் கிளைபோசேட் கொள்ளை விலைக்குப் போனது. 2018இல் தேயிலைக்கும் ரப்பருக்கும் மட்டும் தளர்த்தி, கடைசியில் 2022 ஆகஸ்டில் முழுதாகவே தடையை நீக்கினார்கள். முதல் தடைக்குப் பின்னால் மருத்துவமனைப் பதிவேடு இருந்தது, மாற்றும் கையில் இருந்தது. இரண்டாவதற்கு இரண்டும் இல்லை.

அதற்காகக் கிளைபோசேட்டைக் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கலாம் என்று பொருளில்லை. ஒரே மருந்தை நம்பியவர்களுக்குக் களையே பாடம் சொல்லிக்கொடுத்தது. 1996இல் அமெரிக்காவில் கிளைபோசேட்டைத் தாங்கும் மரபணு மாற்றச் சோயா வந்தது, பிறகு பருத்தியும் வந்தது. ஆண்டுதோறும் அதே மருந்து. பத்தாண்டுகளுக்குள் ஜார்ஜியா மாநிலப் பருத்தி வயல்களில், நம் முளைக்கீரையின் இனமான பால்மர் அமரந்த் அந்த மருந்துக்கு அசையாமல் ஆளுயரத்துக்கு நின்றது. கடைசியில் கூலிக்கு ஆள் வைத்துக் கையால்தான் அகற்றினார்கள். இந்தியாவில் அதற்கு முன்பே நடந்தது இது. ஹரியாணா கோதுமை வயல்களில் ஐசோபுரோட்யூரானை வருடக்கணக்கில் அடித்ததால், 1990களின் தொடக்கத்திலேயே ஃபலாரிஸ் மைனர் என்ற புல் அந்த மருந்துக்குப் பழகிவிட்டது. கோதுமையை மாட்டுத் தீவனமாக அறுத்துப் போட்டவர்களும் உண்டு.

இந்திய அரசு 2022 அக்டோபரில், கிளைபோசேட்டை உரிமம் பெற்ற பூச்சி ஒழிப்புப் பணியாளர்கள் வழியாக மட்டுமே தெளிக்க வேண்டும் என்று அறிவித்தது. நகரங்களில் கரையானுக்கு மருந்தடிக்கும் அந்தப் பணியாளரைக் கிராமத்தில் எங்கே தேடுவது? ஆபத்து மிகுந்த பாராகுவாட்டையோ கேரளம் 2011இலேயே தடுத்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007 முதல் அதற்கு இடமில்லை. நாடு தழுவிய தடையை மட்டும் இந்தியா கொண்டுவரவில்லை. எந்த மருந்தை முதலில் கட்டுப்படுத்த வேண்டும் என்ற வரிசையே இங்கே தலைகீழாக இருக்கிறது. இலங்கை இரண்டு தடைகளிலும் விலை கொடுத்துப் படித்த பாடம் நமக்கு இலவசமாகவே கிடைக்கிறது. பாராகுவாட்டை நிறுத்துங்கள், கிளைபோசேட்டுக்குப் பயிற்சியும் கண்காணிப்பும் கொடுங்கள்.

அதுவரை விவசாயி தன் கையில் செய்யக்கூடியவை சில உண்டு. காற்று வீசும்போது மருந்தடிக்காதீர்கள். அடைத்த நாசிலை வாயால் ஊதாதீர்கள். கையுறை, முகக்கவசம், முழுக்கால் சட்டை, பூட்ஸ் இல்லாமல் இறங்காதீர்கள். 2,4-டி அடித்த தெளிப்பானைச் சரியாகக் கழுவாமல் பருத்திக்கு எடுத்துப் போனால், இலைகள் விரல்போல ஒடுங்கிச் சுருங்கிவிடும். களைக்கொல்லிக்கென்று தனித் தெளிப்பான் வைத்துக்கொள்வதே நல்லது. ஒரே மருந்தை ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப அடிக்காமல், பயிர்ச் சுழற்சி, கோனோவீடர் என்ற களையெடுக்கும் கருவி, மூடாக்கு ஆகியவற்றோடு கலந்து பயன்படுத்துங்கள். காலி டப்பாவில் தண்ணீர் பிடிக்காதீர்கள். கடையில் வாங்கும்போது ரசீது கேளுங்கள். டப்பா மேலுள்ள சாய்சதுரத்தின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு மிகக் கொடியது. அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்ற வரிசையில் நச்சு குறையும். லேபிளில் உங்கள் பயிரின் பெயர் இல்லையென்றால், கடைக்காரர் எவ்வளவு சொன்னாலும் வாங்காதீர்கள்.